இரைச்சல் நீக்கம்

அவன் எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டில் கொதிக்கிறவரை அதன் பக்கத்திலேயே நின்றான். ரொட்டியில் வெண்ணெயைத் தடவி, தட்டு எடுக்காமல், கழுவுதொட்டிக்கு நேரே நின்று தின்றான். பொடி தொட்டியிலேயே விழுந்துவிட்டால் துடைக்கிற வேலை மிச்சம். பிறகு வீட்டை ஊமையாக்கினான். ஜன்னல்களைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தான்.

வேலை நாட்களில் தினமும் இப்படித்தான். அவன் வேலை பேசுவது. வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் பெரிய நிறுவனம் அது. பெயர் மாற்றுவது எப்படி, முகவரி மாற்றுவது எப்படி, கடவுச்சொல் மறந்துபோனால் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்பதையெல்லாம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித்தரக் குட்டிக் குட்டிக் காணொளிகள் போடும். திரையில் அம்புக்குறி நகரும். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "இப்போது வலது மூலையில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தவும். மிகவும் எளிது" என்று சொல்லும். அந்தக் குரல் அவனுடையது. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'குரல்' என்றாகிவிட்டது. லிஃப்டில் யாராவது பார்த்தால், "என்ன குரல் சார், மிகவும் எளிதா?" என்பார்கள். எளிது என்பான்.

கணினி விழித்தது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டதாகவும் இனி அவன் முன்னைவிடப் பாதுகாப்பாக இருப்பான் என்றும் சொன்னது. அவன் 'சரி'யை அழுத்தினான். வேறு பொத்தான் இல்லை.

திரையைப் பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்து, பேசி, ஓடவிட்டுப் பார்த்தான். படம் முழுக்கக் கறுப்பு. அம்புக்குறி மட்டும், அமாவாசையில் வீட்டைத் தொலைத்தவன் மாதிரி அங்கும் இங்கும் அலைந்தது. மூடித் திறந்தான். அணைத்துப் போட்டான். மென்பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி நிறுவினான். கறுப்பு கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. கடைசியில் அமைப்புகளுக்குள் போய்த் தேடினான். 'திரையைப் பதிவுசெய்ய அனுமதி' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே இருந்த குமிழை யாரோ அணைத்திருந்தார்கள். தொட்டால் அசையவில்லை. 'இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்றது.

இதுவரை அவனுக்கு ஒன்றுமில்லை. பதிவு ஓடவில்லை என்றால் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருப்பது இப்போதெல்லாம் அவனுக்கு நன்றாக வந்தது. ஆனால் அந்தச் செய்தியின் கீழே இன்னொன்று இருந்தது. 'கழிவு' கோப்புறையில் கிடக்கும் பழைய பதிவுகள் தேவையற்றவை என்பதால் இந்த வாரக் கடைசியில் அகற்றப்படும். பதிவு அனுமதி இல்லாதவர்களுக்கு அந்தக் கோப்புறை இனித் திறக்காது.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். அந்தக் கழிவுக்குள்தான் அவன் மனைவி இருந்தாள்.

போன வருடம் ஒரு நாள் அவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவள் அறை வாசலில் வந்து நின்றாள். என்னவோ சொன்னாள். காதில் ஹெட்செட் இருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இடது கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டினான். வீட்டில் பதிவு நடக்கும்போது பேசக் கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். அன்றைக்கு இன்னும் என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். திரையில் ஒலிக்கோடு துள்ளியதைப் பார்த்து, கெட்டது பதிவு என்று எரிச்சலோடு அதைக் கழிவில் தள்ளினான். மறுபடி முதலிலிருந்து பேசினான். அது முடிந்ததும் கையோடு இன்னும் இரண்டு. எல்லாம் முடித்து எழுந்து படுக்கையறைக்குப் போனபோது அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு திரும்பி வந்தவன் அவன். மறுபடி போய்ப் பார்க்கிறதற்குள் அவள் உடம்பு ஆறிப்போயிருந்தது.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் என்று கேட்டான். அதையெல்லாம் சொல்ல முடியாது என்று அவர் தன் பேனாவின் மூடியைப் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரி நடையில் மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்பது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் ஏன் தெரியாது என்று வரும். ஏன் என்றால் ஹெட்செட் வரும், கை வரும். அவன், "அம்மாகிட்டப் பேசணும்போல இருக்குன்னா, அத்தை" என்றான். வாயில் வந்தது அதுதான். சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த அம்மாள் அழுகையின் நடுவில் தலையை ஆட்டி ஆட்டி அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் உறவுக்காரர்களின் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய்விட்டு வந்தது. வரும்போது கொஞ்சம் சதை போட்டிருந்தது. 'அம்மாகிட்டப் பேசணும்போல இருக்கு, அம்மா கையால சாப்பிடணும்போல இருக்கு' என்று அவள் சொன்னதாக ஒரு சித்தி அவனுக்கே எடுத்துச் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். போன மாதம் தொலைபேசியில் மாமியார், மகள் குரலே மறந்துபோகிறது என்று சொன்னபோது, ஆபீஸ் பதிவு ஒன்றில் அவள் குரல் இருக்கிறது என்று உளறிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து மாமியார் தினமும் காலையில் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். வந்து கேட்க வேண்டுமாம்.

அவன் இதுவரை அந்தப் பதிவைக் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் அது இருக்கிறது என்பதால்தான் கேட்காமல் இருக்க முடிந்தது.

ஹெல்ப்டெஸ்கைக் கூப்பிட்டான். தேன் தடவிய ஒரு பெண் குரல் அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"உங்க பிரச்சினைய அப்படியே ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி அட்டாச் பண்ணிடுங்க சார். புகார் நம்பர் வந்துடும்."

"ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ண முடியலங்கறதுதாங்க பிரச்சினை."

"புரியுது சார். முடியலங்கறதத்தான் ரெக்கார்ட் பண்ணிக் காட்டச் சொல்றேன்."

காட்டினான். கறுப்பாக வந்த அந்தப் பதிவையே இணைத்து அனுப்பினான். சற்று நேரத்தில் பதில் வந்தது. 'தங்கள் காணொளி கறுப்பாக இருப்பதால் அதில் குறை எதுவும் தென்படவில்லை. புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவை பிடித்திருந்தால் நட்சத்திரம் தரவும்.'

கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். இந்த முறை பதில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்தது. நிறுவனத்தின் திரையைக் கைபேசியில் படமெடுப்பது நம்பிக்கைத் துரோகம். முதல் தடவை என்பதால் மன்னிக்கிறார்கள். ஆனால் இது குறித்த விழிப்புணர்வுக் காணொளியை அவன் முழுவதும் பார்த்துவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் இனி எந்தப் புகாரும் கொடுக்க முடியும். காணொளியைத் திறந்தான். "வணக்கம். நம்பிக்கைத் துரோகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா?" என்று அவன் குரலே அவனைக் கேட்டது. முழுவதும் கேட்டான். கேள்விகளுக்குப் பதில் சொன்னான். இரண்டு தப்பு. மறுபடி முதலிலிருந்து கேட்டான்.

அதன் பிறகு தேன் குரல், அனுமதி கேட்கும் பக்கத்தில் போய்க் கேட்கச் சொன்னது. எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு காணொளி இருக்கிறதாம், ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறார்களாம். அதையும் பார்த்தான். "இடது மூலையில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்" என்றான் அவன். இடது மூலையில் பச்சைப் பொத்தான் இல்லை. புதுப்பித்ததில் போய்விட்டது. "மிகவும் எளிது" என்றான் அவன். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். ஊரில் எத்தனை பேர் இந்தக் குரலை நம்பி எந்தெந்த மூலையில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரிலேயே போனான்.

அனுமதிப் பிரிவின் தலைவர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தார். கண்ணாடியில், வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்க்க முடியாதபடி காகிதம் ஒட்டியிருந்தார்கள். உருண்டையான மனிதர். எதிரே இருப்பவர் பேசும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். தான் பேசும்போது மாட்டிக்கொள்வார். அவன் ஏன் அனுமதியை நிறுத்தினார்கள் என்று கேட்டதும் மாட்டிக்கொண்டார்.

"நிறுத்தலியே. நம்ம கம்பெனில யாருக்கும் எதையும் மறுக்கறதில்ல. அனுமதி கேக்கறதுக்கு எல்லாருக்கும் அனுமதி குடுத்திருக்கோம். என்ன விஷயம்னா, போன வாரம் வரைக்கும் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தாங்க. ஒரு தப்பும் நடக்கல. தப்பு நடக்காதப்பதான் தம்பி ஜாக்கிரதையா இருக்கணும். நடந்தப்புறம் இருந்தா அதுக்குப் பேரு பயம். எங்க டிபார்ட்மென்ட்ட பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்லிடக் கூடாது."

அப்படியானால் தனக்கு அனுமதி வேண்டும் என்றான் அவன். காரணம் கேட்டார். அவன் தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, பயிற்சிக் காணொளி எடுக்க என்றான். என்ன பயிற்சி என்றார். யோசித்து, அனுமதி கேட்பது எப்படி என்கிற காணொளி பழையதாகிவிட்டது, அதைப் புதிதாக எடுக்க வேண்டும் என்றான்.

தலைவரின் முகம் மலர்ந்தது. அனுமதி கேட்பது எப்படி என்று மக்களுக்குத் தெரியாவிட்டால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள், கேட்காவிட்டால் இவர்கள் எதைப் பரிசீலிப்பார்கள். அவனுக்கு உடனே அனுமதி கிடைத்தது. அந்த வருடத்தில் முதல் அனுமதி என்பதால் கைகுலுக்கி, அதை ஒருவரைக் கொண்டு படமும் எடுத்துக்கொண்டார். கைபேசியில்தான்.

குமிழ் உயிர் பெற்றது. மென்பொருள் திரையைப் பதிவு செய்தது. கழிவைத் திறந்து அந்தப் பதிவைச் சொடுக்கினான். பழைய பதிப்பு, புதியதில் திறக்காது, தரப் பிரிவை அணுகவும் என்றது. எடுத்துக்கொண்டு போய் வேறு கணினியில் திறக்கலாம் என்றால் நிறுவனத்தின் பதிவுகளை வெளியே நகலெடுக்க முடியாது. அது எப்படிப்பட்ட துரோகம் என்று அவனே ஒரு காணொளியில் சொல்லியிருக்கிறான்.

தரப் பிரிவின் தலைவி அவனைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். அவன் குரலின் பெரிய ரசிகையாம். அவள் அப்பாவுக்குக் கடவுச்சொல் மாற்றத் தெரியாமல் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாராம், இன்னும் மாற்றவில்லையாம். பழைய பதிவைத் திறக்க வேண்டும் என்றதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதிய பதிப்பில் அதற்கென்றே ஒன்று வந்திருக்கிறது. பழைய கழிவைப் போட்டால் தானே புதிதாக மாற்றிக் கொடுக்கும். அவன் கோப்புறையை இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. அந்தப் பதிவை எடுத்து ஓடவிட்டாள்.

அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"...அடுத்து, உறுதிசெய் என்பதை அழுத்தவும்" என்றது அவன் குரல். பிறகு அமைதி. சாதாரண அமைதி இல்லை. மூச்சில்லாத, காற்றில்லாத, வழித்துத் துடைத்த அமைதி. திரையில் ஒலிக்கோடு நேர்க்கோடாக ஓடியது. அவ்வளவுதான், பதிவு முடிந்தது.

"என்ன சார் தேடறீங்க?"

"நடுவுல... ஒரு சத்தம் இருந்துச்சு."

"இருந்துச்சுல்ல?" தலைவி பூரித்துப்போனாள். "இப்ப இருக்கா? அதான் சார் இரைச்சல் நீக்கம். நாய் குலைக்கறது, குழந்தை அழறது, பக்கத்து ரூம்ல யாராவது பேசறது, எது வந்தாலும் அதுக்குத் தெரிஞ்சிடும். முக்கியமான குரல் எது, முக்கியமில்லாத குரல் எதுன்னு அதுவே முடிவு பண்ணிடும். மனுஷங்க பண்ணினா வருஷக்கணக்காகும்."

அன்றைக்கு அதை முடிவு பண்ண அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டான். ஏன் என்றாள் தலைவி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். ரசிகை வேறு. என் மனைவி பேசுகிறாள் என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் அவர் பேசும்போது நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது. "சும்மா, ஒப்பிட்டுப் பாக்கத்தான்" என்றான்.

சும்மா என்றால் முடியாது என்று ஆயிற்று. மூலப் பதிவு வாரக் கடைசி வரை பத்திரமாக இருக்கும். ஆனால் நீக்கிய இரைச்சலை மீட்க இரைச்சல் மீட்புக் குழு கூட வேண்டும். அப்படி ஒரு குழு இருக்கிறதா என்றான். இருக்கிறதாம். இதுவரை யாரும் இரைச்சலைத் திருப்பிக் கேட்டதில்லை என்பதால் கூடியதில்லை. உறுப்பினர்கள் ஆவலாக இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கூட்டிவிடலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மாமியார் கூப்பிட்டாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தவன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டான்.

"கெடச்சுதா மாப்பிள்ளை?"

"இன்னிக்குக் கேட்டுப் பாக்கறேன் அத்தை."

"ஞாயித்துக்கெழம காலைல வந்துடறேன். ஒங்களுக்கு எதாவது செஞ்சு எடுத்துட்டு வரட்டா?"

வேண்டாம் என்றான். பிறகு, ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடியே, "அத்தை, ஒண்ணு சொல்லணும்" என்றான். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது.

"அவ அப்படிச் சொல்லல அத்தை. ஒங்ககிட்டப் பேசணும்னு. நான் காதுல மாட்டிட்டு வேலை பாத்துட்டிருந்தேன். வந்து என்னமோ சொன்னா. எனக்குக் கேக்கல. கையக் காட்டிப் போகச் சொல்லிட்டேன். என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

"அது தெரியும் மாப்பிள்ளை" என்றாள் மாமியார்.

அவனுக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் காலைல என்கிட்டத்தான் அவ சண்ட போட்டுட்டு ஃபோன வெச்சா. 'இனிமே ஒரு வாரத்துக்கு என்னக் கூப்பிடாதம்மா'ன்னா. அவளாவது, அதுக்குள்ள அம்மாகிட்டப் பேசணும்ங்கறதாவது. எம் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அத்தை எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"கேக்கறாங்களே. எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு வேண்டியிருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "என்ன சொல்லியிருந்தாலும் பரவால்ல. என்னத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. கொண்டாங்க."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வருடம் முழுக்க இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஒரே பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். வெட்கம் குறையும் என்று நினைத்தான். குறையவில்லை.

இரைச்சல் மீட்புக் குழுவில் மூன்று பேர். அனுமதித் தலைவரும் தரத் தலைவியும் அவனுக்குத் தெரிந்தவர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த புகார்ப் பிரிவின் தலைவர் புதியவர். ஒல்லியாக, எதையும் பாதியில் நிறுத்தாத மனிதர். மூவருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில். அவனுக்கு முன்னால் ஒலிவாங்கி. அவனுடைய தொழில் தெரிந்து, பழக்கமானதாக இருக்கட்டும் என்று வைத்திருந்தார்கள்.

முதலில் பதிவின் பெயரைப் படித்தார்கள். கழிவில் போடும் எதற்கும் பெயர் வைக்க நிறுவனத்தில் ஒரு முறை உண்டு. இரைச்சல் யாருடையது, என்ன வகை, மறுபடி வருமா என்று பெயரிலேயே வந்துவிட வேண்டும். அனுமதித் தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"மனைவி, பேச்சு, மீண்டும் நிகழாது." நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தார். "பேர் வெக்கறதுன்னா இப்படி வெக்கணும். எல்லாரும் 'முயற்சி செய்கிறோம்'னு எழுதுவாங்க. இவர் பாருங்க, நிகழாதுன்னு அடிச்சுச் சொல்லியிருக்கார். அப்புறம் நிகழ்ந்துச்சா?"

"இல்லைங்க" என்றான்.

"பாத்தீங்களா."

அவன் ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவியின் பேச்சு என்றால் அது தனிநபர் குரல் என்றாள் தரத் தலைவி. தனிநபர் குரலை மீட்கச் சொந்தக்காரரின் ஒப்புதல் வேண்டும், நாளைக்குள் அவரை வந்து ஒப்புதல் சொல்லச் சொல்ல முடியுமா. முடியாது என்றான். வெளியூரில் இருக்கிறாரா என்றார் அனுமதித் தலைவர். இல்லை என்றான். வேறு எங்கே இருக்கிறார்.

"இறந்துட்டாங்க."

தரத் தலைவி தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அனுமதித் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குழு இரங்கல் தெரிவித்ததாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டதும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. சொந்தக்காரர் இல்லாவிட்டால் ஒப்புதலும் இல்லை, ஒப்புதல் இல்லாத குரல் இரைச்சல்தான், இரைச்சல் என்றால் நாளைக்கு அகற்ற வேண்டியது என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நின்றார். தன்னால் மறுக்க முடிந்தால் உடனே மறுத்துவிடுவார் என்றும், இந்தக் கம்பெனியில் யாருக்கும் எதையும் மறுப்பதில்லை என்பதால்தான் கையைப் பிசைவதாகவும் சொன்னார்.

அப்போதுதான் புகார்த் தலைவர் முதன்முறையாக வாய் திறந்தார். அவன் வீட்டில் இணைய இணைப்பு யாருடையது என்று கேட்டார். நம் நிறுவனத்துடையதுதான் என்றான்.

"யார் பேர்ல இருக்கு?"

"அவ பேர்ல."

"இன்னும் மாத்தலியா?"

"மாத்தல." பெயர் மாற்றுவது எப்படி என்பதைத்தான் அன்றைக்கு அவன் பேசிக்கொண்டிருந்தான். அதை அவன் சொல்லவில்லை.

"அப்ப அவங்க நம்ம வாடிக்கையாளர்" என்றார் புகார்த் தலைவர். "வாடிக்கையாளர் நம்ம ஊழியர்கிட்ட, வேலை நேரத்துல, நேர்ல வந்து பேசியிருக்காங்க. ஊழியர் பதில் சொல்லல. இது இரைச்சல் இல்ல சார். இது புகார். புகார யாராலயும் அழிக்க முடியாது. நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து ஒரு புகாரக்கூட அழிச்சதில்ல. தீர்த்ததும் இல்ல. அத வேற யாரோ பண்றாங்க."

மற்ற இருவரும் மெச்சிக்கொண்டார்கள். புகார் என்றால் எல்லாம் சரியாகிவிடுகிறது. மூலப் பதிவைத் திறக்கலாம், காலகாலத்துக்கும் வைத்திருக்கலாம், புகார் கொடுத்தவரின் வீட்டாருக்கு ஒரு நகல்கூடக் கொடுக்கலாம். ஊழியர் பதில் சொல்லாமல் இருந்தது உண்மைதான் என்று அவன் ஒத்துக்கொண்டால் போதும்.

"உண்மைதான்" என்றான்.

ஒலிவாங்கியில் அது கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

மீதி இருந்தது ஒன்றுதான். புகார் என்ன என்று பதிய வேண்டும். புகார்த் தலைவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தன் பிரிவின் வழக்கத்தை விளக்கினார். வாடிக்கையாளர்கள் நிறையப் பேசுவார்கள். ஆரம்பத்தில் பேசுவதெல்லாம் மனத்தாங்கல். கடைசி வாக்கியத்தில்தான் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று வரும். அதனால் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்வார்கள்.

அவன் தனியாகக் கேட்க முடியுமா என்று கேட்டான். குழுவின் முன்னால் கேட்டால்தான் செல்லும் என்றார்கள். ஹெட்செட் வேண்டுமா என்று தரத் தலைவி எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றான்.

மூலப் பதிவு ஓடியது. "பெயர் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது அவன் குரல். "புதியவரின் பெயரை இங்கே உள்ளிடவும். மிகவும் எளிது." தொலைவில் கதவின் கீல் முனகியது. செருப்பில்லாத காலின் சத்தம் இரண்டு எட்டு வந்து நின்றது. அனுமதித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்தப் பதிவில் அவன் குரல் நிற்காமல் மேலே பேசிக்கொண்டே போனது. அதன் பின்னால், மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, அவள்.

"தலைவலி மாத்திரைய எங்க வெச்சே?"

"அடுத்து, உறுதிசெய் என்பதை அழுத்தவும்" என்றான் அவன்.

"இருக்கற எடத்துல இல்ல... சரி, சரி. கையக் காட்டி நிறுத்தறதுக்கு நான் என்ன லாரியா?" சின்னதாய்ச் சிரித்தாள். "பேசல போ. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்."

காலடி திரும்பியது. கதவு பாதி சாத்திக்கொண்டது. புகார்த் தலைவரின் விரல்கள் விசைப்பலகையின் மேல் காத்திருந்தன. பதிவு முடிந்தது என்று நினைத்து அவர் எழுத ஆரம்பிக்கப் போனார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் ஒரு வாக்கியம் வந்தது.

"நீ முடிச்சதும் சொல்லு."